நேரா

மீரா சாகிபைப் படகுப் பாயில் கிடத்தித் தூக்கிவந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். நிலை குறுகல். தலைமாட்டை முதலில் உள்ளே விடுவதா, கால்மாட்டையா என்று பாயின் நாலு முனையையும் பிடித்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தலைய விடுங்கப்பா," என்றான் படகுக்காரன் முத்தழகு. "வீட்டு ஆளு வீட்டுக்குள்ள வர்றாரு. தலைய நீட்டித்தான வருவாரு."

பின்னால் ஓடிவந்த மகள் ஜுனைதாவுக்கு மூச்சு வாங்கியது. வெள்ளைத் துப்பட்டியில் முழங்கால் வரை சேறு. கையில் வாப்பாவின் செருப்பு ஒன்று. இன்னொன்றைக் கடற்கரையில் விட்டுவிட்டாளா, அவர் காலிலேயே இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. இந்த ஒற்றைச் செருப்பை எங்கே வைப்பது என்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. வாசலில் வைத்தால் அவர் உள்ளே இருக்கிறார் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். உள்ளேதான் இருக்கிறார் என்பதும் சரிதான். கடைசியில் செருப்போடே கூடத்துக்குள் நுழைந்தாள்.

உம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். தேங்காய் துருவிய கை. பாயில் கிடந்த கணவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"மேல பூராம் மண்ணு," என்றாள். "தட்டிட்டுப் படுக்க வைங்க."

கையைக்கூடக் கழுவாமல் தூணோரம் உட்கார்ந்துவிட்டாள்.

முத்தழகுதான் விஷயத்தை ஓட்டமாகப் போய்ச் சொல்லி வாப்பாவின் தம்பியை அழைத்துவந்தான். சதக் சாச்சா வந்ததும் அண்ணன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். மார்பில் காதை வைத்தார். நிமிர்ந்தார். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று முணுமுணுத்துக் கண்ணிமைகளைத் தடவி மூடினார். அப்புறம்தான் பாயின் ஓரத்தில், அண்ணனின் தொடையை ஒட்டிக் கிடந்த மட்டையைப் பார்த்தார். நீளமான பிடி, அடியில் ஒரு மரக்கட்டை. தூக்கும்போது இதுவும் அவரோடு சேர்ந்ததுதானே என்று முத்தழகு போட்டுவிட்டிருந்தான்.

"இதையுமா கொண்டாந்தீக?" என்றார் சாச்சா. மட்டையை எடுத்துப்போய் அடுப்படியில் விறகுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு வந்தார்.

மீரா சாகிபு முப்பது வருஷத்துக்கு மேல் கொழும்பில் இருந்தவர். வெள்ளைக்காரர்கள் கோல்ப் விளையாடும் ஒரு கிளப்பில், அவர்கள் உட்கார்ந்து குடிக்கும் கூடத்துக்கு அவர் பொறுப்பு. புல்வெளியில் விளையாடிவிட்டு வரும் துரைமார்கள் நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்குத் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி. அடித்த பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும் யாரோ கூப்பிட்டதுபோல வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். ஒவ்வொரு துரையிடமும் அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. இடது கையைக் கொஞ்சம் திருப்பிப் பிடி என்பார் ஒருவர். பிடியில் ஒன்றுமில்லை, வலது முழங்கையை விலாவோடு ஒட்டு என்பார் இன்னொருவர். தலையைத் தூக்காதே என்பவர், தோளைச் சாய்க்காதே என்பவர், வெளியிலிருந்து உள்ளே வெட்டாதே, உள்ளிருந்து வெளியே வீசு என்பவர். மீரா சாகிபு கிளாசுகளை நிரப்பிக்கொண்டே அத்தனையையும் கேட்டார். வைத்தியம் சொன்னவர்கள் பந்தும் மறுநாள் வலப்பக்கம்தான் போயிற்று. அதையும் கேட்டார். ஒரு நாளும் மட்டையைக் கையால் தொட்டதில்லை. தொட விட மாட்டார்கள்.

இலங்கைக்காரர்கள் தங்குவதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்த வருஷம், ஒரு பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, தேவிபட்டினம் வந்து சேர்ந்தார். பெட்டியோடு ஒரு மட்டையும் ஒரு சாக்குப்பை நிறையப் பழைய பந்துகளும் வந்தன. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விட்டுச்சென்றவை.

ஊருக்கு வடக்கே, உடை முள்மரங்களைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளி உண்டு. ஒரு பக்கம் தரவைப் பொட்டல், மறுபக்கம் கடல். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து அங்கே போவார். வடக்கே பார்த்து நின்று அடிப்பார். கடல் வலக்கைப் பக்கம். அடித்த பந்தெல்லாம் வளைந்து வளைந்து கடலுக்குள் விழுந்தது. ஆழமில்லாத கடல் என்பதால் தண்ணீர் வற்றும்போது போய்ப் பொறுக்கலாம். பொறுக்காமல் விட்டவை முத்தழகின் வலையில் வந்தன. சாய்பு ஆமை முட்டையை அடித்து விளையாடுகிறார் என்று மீன்பிடிக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆமை முட்டை அச்சாக அப்படித்தான் இருக்கும், வெள்ளையாக, உருண்டையாக.

"தெக்க பாத்து அடிச்சா தரையிலயாவது விழுமே வாப்பா," என்று ஜுனைதா ஒரு நாள் கேட்டாள்.

"விழும். வளைவு போயிருமா?"

உம்மாவிடமும் இந்த வியாதியை விளக்கிப் பார்த்தார். "ஸ்லைஸ்னா ரொட்டித் துண்டுதான?" என்று கேட்டுவிட்டு உம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போன மனிதர். ஒருவழியாக ஊரோடு வந்தார் என்று பார்த்தால், விடிந்ததும் கடற்கரைக்குப் போய்விடுகிறார். ஜுனைதாவுக்குத் தெரிந்து உம்மா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவளில்லை.

கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியபோதுதான் அவர் ஜுனைதாவை அழைத்தார். அவள் கணவன் மலாயாவில். அவள் இந்த வீட்டில்தான் இருந்தாள். வேலை ஒன்றுதான்: பந்து எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்னையப் பாக்காத. பந்தைப் பாரு," என்பார்.

அவள் பார்த்துச் சொல்வாள். "கடலுக்குள்ள வாப்பா." "இதுவும் கடலுக்குள்ள." "கொஞ்சங் கம்மியா வளைஞ்சிச்சு, ஆனா கடலுக்குள்ளதான்." அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வைத்தியத்துக்குப் போவார். அக்குளில் ஒரு லேஞ்சிக் கைக்குட்டையைச் செருகிக்கொள்வார், முழங்கை விலகினால் லேஞ்சி கீழே விழுந்துவிடும் என்று. லேஞ்சி விழாது. பந்து கடலில் விழும்.

சதக் சாச்சாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "வயசுப் புள்ளைய வெட்டவெளியில நிறுத்திக்கிட்டு..." என்று இழுப்பார். அதைவிடப் பெரிய குறை ஒன்று அவர் மனதுக்குள் இருந்தது. அண்ணன் முப்பது வருஷம் ஹராமான மதுவைக் கிளாசில் ஊற்றிக்கொடுத்த கைக்காரர் என்று ஊரில் பேச்சு. நேரே யாரும் சொன்னதில்லை. பள்ளிவாசலில் வாப்பா எந்த வரிசையில் நின்றாலும் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். சாச்சா தொழுகைக்கு நடுவிலேயே நகர்ந்து போய் அந்த இடத்தை நிரப்புவார்.

ஆகவே பெண்கள் கூடிவந்து யாசீன் ஓதத் தொடங்கியதும், சாச்சா ஜுனைதாவை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டுக் கேட்டது இதைத்தான்.

"நீதான பக்கத்துல இருந்தே. கடசி மூச்சுல கலிமா சொன்னானா?"

ஜுனைதா அவரைப் பார்த்தாள். சாச்சா கண்ணைச் சிமிட்டாமல் நின்றார். இவ்வளவு அருகில் நின்று அவர் அவளிடம் பேசியதேயில்லை.

"வாய் அசைஞ்சிச்சு சாச்சா."

"என்ன சொன்னான்?"

"நேரான்னாக."

"நேரா?"

"ஆமா. நேரா போ... அப்படின்னாக. அதுக்கு மேல மூச்சு இல்ல."

சாச்சா சுவரில் கைவைத்துக்கொண்டார். "நேரா," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி இளகியது. "நேரான வழி," என்றார். "ஃபாத்திஹாவுல வருதே, இஹ்தினஸ் ஸிராத்தல் முஸ்தகீம். எங்களை நேரான வழியில நடத்துவாயாக. அதத்தான் கேட்டிருக்கான். எங்க அண்ணன் அதத்தான் கேட்டிருக்கான்." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே போனார்.

ஜுனைதா அவர் பின்னாலேயே ஓரடி வைத்தாள். வாசல் நிறைய ஆண்கள். நின்றுவிட்டாள்.

என்ன நடந்தது என்று அவளுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. காலையில் காற்றே இல்லை. கடல் உள்வாங்கி, கரைக்கு அப்பால் சேறு மினுங்கிக் கிடந்தது. வாப்பா நடந்து வரும்போதே இடது கையை உருவிவிட்டுக்கொண்டு வந்தார். "வாயு," என்றார். "திரும்பிரலாமா?" என்று கேட்டதற்கு, "காத்து இல்லாத நாளு, இன்னிக்கித்தான அடிச்சுப் பாக்கணும்," என்றார். லேஞ்சியை அக்குளில் வைக்கப் போனவர், அதை உதறி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதலில் அடித்தவை எல்லாம் வழக்கம்போல. கடைசிப் பந்தை மணலைக் கூட்டி மேட்டில் வைத்துவிட்டு நெடுநேரம் குனிந்து நின்றார். அப்புறம் அடித்தார்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. மற்ற நாளெல்லாம் ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம் வரும். இது வெடித்த சுள்ளிபோல ஒற்றைச் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் ஜுனைதா திரும்பிவிட்டாள். பந்தைப் பார்க்கவில்லை, வாப்பாவைப் பார்த்தாள். மட்டை இடது தோளுக்கு மேல் போய் நின்றிருந்தது. முகம் வடக்கே, கண்ணுக்குத் தெரியாத எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு மெள்ளத் தொழுகையில் அமர்வதுபோல முழங்காலை மடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சரிந்தார். அவள் ஓடிப்போய்த் தலையை மடியில் தூக்கி வைத்தபோது உதடு அசைந்தது.

"நேரா போ..."

போச்சா என்று கேட்டாரா? போச்சு என்று சொன்னாரா? போ என்று அவளைத்தான் வீட்டுக்கு அனுப்பினாரா? மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றாகத்தான் இருக்கிறது. அல்லது சாச்சா சொல்வதுபோல வேறு எதையோவா? அடித்த கையோடு, அந்த ஒரு நொடிக்குள், மனம் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாமே. அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

கபன் துணி வந்தது. கிணற்றடியில் சேலைகளைக் கட்டி மறைத்து, ஆண்கள் மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். சந்தூக்குப் பெட்டி வந்து முற்றத்தில் இறங்கியது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடி ஜுனைதா நடமாடினாள். போகிற இடமெல்லாம் அந்தச் சொல் அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது.

"நேரான வழியக் காட்டுன்னு கேட்டாகளாமே," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி, "ஃபாத்திஹா சூராவ ஓதிக்கிட்டே உசுரு பிரிஞ்சிருக்கு. எத்தன பேருக்குக் கெடைக்கும் இந்த மௌத்து?" என்றாள். கீழக்கரையிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி ஜுனைதாவின் கையையே பிடித்துக்கொண்டு, அவள் வாப்பா மேற்கே கிப்லாவை நோக்கித் திரும்பி, ஆமீன் வரைக்கும் ஓதி முடித்துக் கண்ணை மூடியதை அவளுக்கே விவரித்தாள். ஜுனைதா, "இல்ல லாத்தா..." என்று தொடங்கினாள். அந்த அம்மாள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, "அழுதுரு," என்றாள்.

அழுகை வரவில்லை. வாப்பா கடற்கரையில் மேற்கேயா பார்த்து விழுந்தார்? அவளுக்குத் திடீரென்று சந்தேகமாக இருந்தது. தலை தரவைப் பக்கம் இருந்தது, அப்படியென்றால்... திசையை மனசுக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சொல்கிறவர்கள் எல்லாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்கள். அங்கே இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் தெளிவில்லை.

குளிப்பாட்டி முடித்து வந்த சாச்சா, ஈரக் கையோடு தாழ்வாரத்தில் நின்றார்.

"அண்ணன் உள்ளங்கை பூராம் காச்சுப்போயிருக்கு," என்றார். "தேச்சேன். போகல." கொஞ்சம் நின்று, "போனாப் போவுது," என்று சொல்லிவிட்டு அத்தரை எடுக்கப் போனார்.

சலாஹுதீன் ஆலிம் வந்தார். போன வருஷம்தான் இந்தப் பள்ளிவாசலுக்கு வந்த இளவயதுக்காரர். வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஒருவர் மேல் ஒருவர் பேசினார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், இவருடைய முடிவைப் பற்றி ஆலிம்சா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சாச்சா கேட்டுக்கொண்டிருந்தது ஜுனைதாவின் காதில் விழுந்தது.

அவள் கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். "ஆலிம்சா, ஒரு வார்த்த."

ஆலிம் தரையைப் பார்த்தபடி கதவருகே வந்தார்.

"எங்க வாப்பா நேரான்னு சொன்னது நெசம்," என்றாள். "ஆனா அவுக பந்த அடிச்சிட்டு இருந்தாக. எப்பவும் வளைஞ்சு கடலுக்குள்ள போற பந்து. நேரா போகணும்னுதான் அவுக மூணு வருசமா... அதத்தான் சொல்லியிருப்பாகளோன்னு எனக்கு..."

"பந்தா?"

"பந்து."

ஆலிம் தாடியை வருடினார். "கேட்டாகளா, சொன்னாகளா?"

"அதான் தெரியல. சாச்சா சொல்றது இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. ஆமான்னு சொல்லவும் வரல."

"எனக்கும் தெரியலயேம்மா," என்றார் ஆலிம். கிதாபிலிருந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தவளுக்கு அது ஏமாற்றமாகவும் இருந்தது, ஏதோ ஒரு பாரம் கொஞ்சம் இடம் மாறியதுபோலவும் இருந்தது. "உள்ளத்துல இருந்தது அல்லாவுக்குத்தான் தெரியும். நான் என்னத்தச் சொல்ல?" திரும்பிப் போனவர் இரண்டடி வைத்து நின்று, மறுபடியும் அவள் பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

கொல்லைப்பக்கம் முத்தழகு உட்கார்ந்திருந்தான். தன் பாயை வாங்கிப்போக வந்தவன், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வேலியோரம் குந்தியிருந்தான். ஜுனைதா அதைக் கிணற்றடியில் அலசி வேலியில் விரித்திருந்தாள். பாதி காய்ந்திருந்தது.

"ஈரம் போகல."

"பரவால்ல தாயி. எனக்கு ஈரம் புதுசா?" பாயைச் சுருட்டினான்.

"அண்ணே," என்றாள் ஜுனைதா. "காலையில நீங்க அங்கனதான வலை பாத்துக்கிட்டு இருந்தீக. வாப்பா கடசியா அடிச்ச பந்து எங்கன போச்சு, பாத்தீகளா?"

முத்தழகு சுருட்டுவதை நிறுத்தினான். அவன் அதை யோசித்ததேயில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"பாக்கலயே தாயி. குனிஞ்சுல்ல இருந்தேன். நீ கத்துனப்பத்தான் நிமிந்தேன்." நெற்றியைச் சொறிந்தான். "ஒண்ணு. சாய்பு அடிச்சா, தண்ணியில பொளக்குன்னு விழுகிற சத்தம் எப்பவும் கேக்கும். ஒரு சத்தத்துக்கு ஒரு முட்டைன்னு எங்க ஆளுக சொல்லுவாய்ங்க. கடசியில அந்தச் சத்தம் கேக்கல."

ஜுனைதாவின் விரல்கள் வேலிக் கம்பை இறுகப் பிடித்தன.

"அப்ப நேரா..."

"அதுவுஞ் சொல்ல முடியாது," என்றான் முத்தழகு வருத்தத்தோடு. "தண்ணி வத்திக் கெடந்துச்சே. சேத்துல விழுந்தா ஏது சத்தம்?"

பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, போகலாமா நிற்கலாமா என்று கொஞ்சம் தயங்கினான். "போயி தேடிப் பாக்கவா தாயி?" என்றான்.

ஜுனைதா வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். முந்தின நாட்களில் அடித்துப் பொறுக்காமல் விட்டு அலை ஒதுக்கிப்போட்ட பந்துகள் அந்த வெளியெங்கும், சேற்றிலும் மணலிலும் கிடக்கும். எது கடைசிப் பந்து என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

அஸர் பாங்கு சொன்னார்கள். பெண்கள் கடைசியாக முகம் பார்த்தார்கள். வெள்ளைத் துணிக்குள் வாப்பாவின் முகம் சிறுத்துப்போயிருந்தது. அது எதையும் கேட்பதுபோலவும் இல்லை, சொல்வதுபோலவும் இல்லை. சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருவில் இறங்கி, திரும்பி, மெலிந்து போயிற்று. ஆலிம் நாலு வார்த்தை பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. "நல்ல மனுசர். எல்லாரும் துஆச் செய்யுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுகைக்குத் தக்பீர் கட்டிவிட்டாராம். சாச்சாவுக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அன்றைக்குத் தொழுகையில் நின்ற வரிசைகளில் எங்கேயும் இடைவெளி இல்லை என்று, அவரே வீடு திரும்பி உம்மாவின் அறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

அது பிறகு. ஆண்கள் எல்லாரும் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போயிருந்த அந்த நேரத்தில் வீடு சட்டென்று காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்திருந்தது. ஜுனைதா ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். உம்மாவை, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை. காதும் கழுத்தும் வெறுமை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதை வந்தவர்கள் எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

"கொஞ்சம் குடிங்க உம்மா."

உம்மா கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் சொல்றாக," என்றாள். "ஃபாத்திஹா ஓதிக்கிட்டே போனாகளாம். நேரான வழியக் கேட்டாகளாம். காலையிலருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். யாரோ ஒருத்தரு மௌத்தானதச் சொல்ற மாதிரியே இருக்கு."

ஜுனைதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெசமா?"

"நேரான்னு சொன்னாக உம்மா. நேரா போ... அவ்வளவுதான். பந்தப் பத்தித்தான் சொல்லியிருப்பாகன்னு எனக்குத் தோணுது. போச்சான்னு கேட்டாகளா, போச்சுன்னு சொன்னாகளா, வெளங்கல."

"போச்சா?"

"நான் பாக்கல உம்மா. பந்தப் பாக்கச் சொன்னாக. நான் அவுக மொகத்தப் பாத்துட்டேன்."

உம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறாள் என்றுதான் ஜுனைதா முதலில் நினைத்தாள். சிரிப்பும்தான் இருந்தது. "பந்து," என்றாள் உம்மா. "பந்து... அவுகதான். அவுகளேதான்." கஞ்சிக் கோப்பை மடியில் ஆடிற்று. ஜுனைதா அதை எடுத்துத் தரையில் வைத்தாள். உம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், வெகுநேரம் அழுதாள். ஜுனைதா அவள் முதுகில் கைவைத்திருந்தாள். தானும் அழுகிறோமா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடங்கியதும் உம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடசியா எப்பிடி நின்னாக?" என்றாள்.

"எப்பிடின்னா?"

"அடிக்கிறதுக்கு முன்னாடி. எந்திரிச்சு நின்னு காட்டு."

ஜுனைதா கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. எழுந்தாள். அறை சின்னது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கால்களை அகட்டி நின்றாள். கையில் ஒன்றுமில்லை. இடக்கையை முன்னால் நீட்டி, அதன் கீழ் வலக்கையைச் சேர்த்துப் பிடித்தாள். தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள்.

"இப்பிடித்தான் உம்மா."

உம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "இன்னுங் கொஞ்சம் குனிவாக. வலது முட்டி உள்ள மடங்கியிருக்கும். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ கழுத்த ஆட்டுவாக."

உம்மா இதையெல்லாம் மொட்டைமாடியிலிருந்து பார்த்தாளா, உடை மரங்களுக்குள் நின்று பார்த்தாளா, ஜுனைதா கேட்கவில்லை. தெருவில் மையவாடியிலிருந்து திரும்பியவர்களின் பேச்சுக் குரல் வந்தது. வாசலில் யாரோ செம்பால் தண்ணீர் மொண்டு கால் கழுவினார்கள்.

அவள் வலது முழங்காலை மடக்கினாள்.

"இன்னும்," என்றாள் உம்மா.